ஐந்தாம் நம்பர் தகரம்

அல்போன்சம்மாள் அக்காவுக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை அவரே யாரிடமும் தயங்காமல் சொல்லுவார். ஆனால் ஐம்பதுகளில் தேக்கா வட்டாரத்தில் எந்தக் கடைவீட்டில் எந்த பியூஸைப் பிடுங்கினால் யார் தலைக்கு மேல் விளக்கு அணையும் என்று அவரைப் போல் தெரிந்து வைத்திருந்தவர் வேறு யாரும் இல்லை. வயர்மேன்களான எங்களுக்கே தெரியாது.

அவருடைய கணவர் பெர்னார்ட் லைசென்ஸ் வைத்திருந்த வயர்மேன். நான் சுந்தரம், அவர் கூடவே வேலை பார்த்தவன், நானும் வயர்மேன்தான். பெர்னார்ட் அண்ணன் அதிகம் பேசமாட்டார், வேலை சுத்தமாக இருக்கும். சுவரில் அவர் இழுத்த வயரைப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். கையெழுத்து மட்டும் கோழி கிளறியதுதான். 1953-ல் டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு வீட்டை முடித்து, ஒவ்வொரு பியூஸுக்கும் மேலே அது எந்த அறைக்குப் போகிறது என்று பென்சிலால் எழுதி வைத்தார். சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் அதைப் படிக்க முடியவில்லை என்றார். பெர்னார்ட் அண்ணன் அருகில் போய்ப் பார்த்தார். அவராலும் படிக்க முடியவில்லை. வீட்டுக்குக் கரண்டு வரவில்லை.

அன்று சாயங்காலம் அல்போன்சம்மாள் அக்கா ஒரு காலிப் பால் டின்னை வெட்டிப் பிரித்து, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, விரல் அகலத்துக்குத் துண்டு போட்டார். ஓரத்தை அரத்தால் ராவி, இரண்டு பக்கமும் வெள்ளை எனாமல் அடித்துக் காயவைத்தார். பிறகு மெல்லிய பிரஷ்ஷைக் கறுப்பு எனாமலில் தொட்டு எழுதினார். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். கன்னியாஸ்திரீகளிடம் ஏழாம் வகுப்பு வரை படித்தவர், அச்சுப் போல் எழுத்து. இரண்டு முனையிலும் ஆணியால் துளை போட்டு, பலகையில் சின்ன ஸ்குரூவால் முடுக்க வேண்டியதுதான். இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார், படித்தார், கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு எங்கள் வேலை எல்லாவற்றுக்கும் அக்காதான் தகரம் எழுதினார். மற்ற வயர்மேன்களும் கேட்டு வர ஆரம்பித்தார்கள். முக்குக் காப்பிக்கடைக்காரர் காலி டின்களைச் சாக்கில் கட்டி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். லேபிளைப் பார்த்து வேலை செய்கிறவன் வயர்மேனே இல்லை என்று அப்போது பேசிக்கொண்டு திரிந்தேன். அதில் நியாயமும் இருந்தது. ஊரில் பாதி போர்டுகளில் லைட், லைட், லைட், லைட் என்று வரிசையாக எழுதி ஒட்டியிருப்பார்கள். அது லைட்தான் என்று அவன் சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்?

அக்கா அப்படி எழுதமாட்டார். முன் ரூம், பின் ரூம் என்றும் எழுதமாட்டார். கடைவீட்டில் மாடி முழுவதையும் பலகை அடித்துத் தடுத்து ஆளுக்கொரு அறையாக வாடகைக்கு விட்டிருப்பார்கள். யாரைக் கேட்டாலும் தன்னுடையதுதான் முன் ரூம் என்பார்கள். அதனால் அறை யார் பேரில் இருக்கிறதோ அந்தப் பேரையே அக்கா எழுதினார். குடி மாறினால் புதுத் தகரம். வேலாயுதம், அப்துல் மஜீது, அடுப்படி, மாடிப்படி என்று போர்டு ஒரு குடும்ப அட்டை மாதிரி இருக்கும்.

எழுதுவதற்கு முன்னால் அவர் நேரில் போய் ஒவ்வொரு லைனையும் சரிபார்ப்பார். கீழே போர்டு பக்கத்தில் நின்று ஒரு பியூஸைப் பிடுங்குவார். வீட்டுக்கார அம்மா மேலே நின்று, எது அணைந்தது என்று கத்திச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் இதில் ஒரு தொந்தரவு இருந்தது. நோரிஸ் ரோட்டில் ஒரு கிழவி மூன்று பியூஸுக்கும் "எங்க ரூமு, எங்க ரூமு" என்றே கத்தினாள். மூன்று அறையும் அவள் பிள்ளைகளுடையவை, அவளைப் பொறுத்தவரை எல்லாம் எங்க ரூம்தான். அன்றைக்கு அக்காவுக்கு வந்த கோபத்தில் ஒரு சட்டம் போட்டார். அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் சொல்லுவார்.

"பேரை மட்டும் சொல்லுங்க. எங்க ரூமு, அவங்க ரூமு, அந்தப் பக்கத்து ரூமு, அதெல்லாம் வேணாம். பேரு மட்டும்."

ஆறு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு தகரம்கூடத் தப்பாக இருந்ததில்லை. நான் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றாவது தப்பாக இருந்தால் அதைச் சொல்லிக் காட்டலாம் என்று. கிடைக்கவில்லை. கடைசியில் என் பையில் இருந்த டெஸ்ட் லாம்பு, அதாவது வயரில் கரண்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற ஒரு பல்பும் இரண்டு கம்பியும், பைக்குள்ளேயே தூசி படிந்து கிடந்தது. அக்கா எழுதியிருந்தால் சரியாகத்தான் இருக்கும். லேபிளைக் கிண்டல் செய்தவன் அந்த நிலைமைக்கு வந்திருந்தேன்.

1959 தொடக்கத்தில் கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டுக்குப் புதிதாக வயர் போட்டோம். வீட்டை மொத்தமாக எடுத்து உள்வாடகைக்கு விட்டிருந்தவர் மருதப்பன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் மனைவி சரஸ்வதி. மாடியில் ஒரு அறையில் அவர்கள் இருவரும், மற்ற அறைகளில் குடியிருப்பவர்கள். வயர் வேலை முடிந்து தகரம் எழுதுகிற நாளில் பெர்னார்ட் அண்ணனும் நானும் பாய லேபாரில் வேறு வேலைக்குப் போயிருந்தோம். அக்கா தனியாகப் போனார். லைசென்ஸ் இல்லாதவர் போர்டைத் தொடக் கூடாது என்பது சட்டம். பியூஸைப் பிடுங்குவது தொடுவதில் சேருமா என்று நாங்கள் யாரையும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

சரஸ்வதி மேலே நின்றாள். முதல் பியூஸுக்கு "வேலாயுதம்!" இரண்டாவதுக்கு "அப்துல் மஜீது!" மூன்றாவது அடுப்படி, நான்காவது மாடிப்படி. ஐந்தாவதைப் பிடுங்கினார். சத்தம் இல்லை.

"என்னம்மா, எதாச்சும் அணைஞ்சுச்சா?"

சத்தம் இல்லை. இன்னொரு முறை கேட்டார். மேலே பலகை கிறீச்சிட்டது, அவ்வளவுதான். எதுவும் அணையவில்லை, அதனால் சொல்ல ஒன்றும் இல்லை என்று அக்கா எடுத்துக்கொண்டார். ஒரு லைனைப் பின்னால் தேவைப்படும் என்று விட்டு வைப்பது வழக்கம். ஒரே லைனில் இரண்டு அறை இருப்பதும் வழக்கம், அதனால் பேர் ஒன்று குறைந்தது அவருக்கு உறைக்கவில்லை. மீதி இரண்டு பியூஸுக்கும் மறுபடி பேர் வந்தது. வீட்டுக்கு வந்து ஐந்தாம் நம்பர் தகரத்தில் "காலி" என்று எழுதினார். மறுநாள் அதைக் கொண்டுபோய் முடுக்கினார்.

சரஸ்வதிக்குப் படிக்கத் தெரியாது. மருதப்பனுக்குத் தெரியும், ஆனால் பியூஸ் போகாத வரைக்கும் யாரும் பியூஸ் போர்டைப் பார்ப்பதில்லை. எட்டு மாதம் அந்தத் தகரம் பேசாமல் இருந்தது.

எட்டு மாதம் கழித்து, இஸ்திரிப் பெட்டி வாங்கிய வேலாயுதம் தனியாக ஒரு பிளக் கேட்டார். நான் போனேன். போர்டைப் பார்த்தேன், ஐந்து காலி, அதிலிருந்தே லைன் எடுக்கலாம். நாங்களே போட்ட வயர்தான், ஆனால் எது எங்கே போகிறது என்பது எட்டு மாதத்தில் மறந்திருந்தது. வயர்கள் பலகைக்குப் பின்னால் ஓடின, கண்ணுக்குத் தெரியாது. மெயின் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். ஆனால் மாடியில் ரேடியோவில் தமிழ் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, அணைத்தால் ஏழு பேர் இறங்கி வந்து என்னைத் திட்டுவார்கள். ஸ்டூலில் ஏறி பலகைக்குப் பின்னால் கையை விட்டேன்.

அஞ்சடியில், அதாவது வாசலை ஒட்டிய நடைபாதையில், நிறுத்தியிருந்த சைக்கிள் மேல் விழுந்தேன் என்று பிறகு சொன்னார்கள். போர்டுக்கும் வாசலுக்கும் நான்கு முழம் இருக்கும். இடது கை இரண்டு இடத்தில் உடைந்தது. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நம்பர், மருதப்பன் அறையின் லைன்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா பிளாஸ்க்கில் மைலோ கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, தொடுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணியா?"

"பண்ணேன்கா. லாம்பு எரியல. அப்புறம்தான் தொட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆறு வருஷம் லேபிளைக் கிண்டல் செய்துவிட்டு, அதே லேபிளை நம்பிக் கையை விட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. லைசென்ஸ் பற்றிய பயமும் இருந்தது. அக்கா பிளாஸ்க் மூடியைத் துடைத்து மூடினார்.

"அப்ப தப்பு என்னோட தகரத்துலதான்" என்றார். எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் கரண்டு ஆபீஸிலிருந்து பெர்னார்ட் அண்ணனுக்குக் கடிதம் வந்தது. விசாரணை. தவறான லேபிளால் ஒருவருக்குக் காயம், வேலைக்குப் பொறுப்பான வயர்மேன் லைசென்ஸோடு நேரில் வர வேண்டும், தவறு நிரூபணமானால் லைசென்ஸ் ரத்து. அவருக்கு நாலு பிள்ளைகள். வேறு தொழில் தெரியாது. கடிதத்தை அவர் மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாராம். பாதியில் எழுந்துவிட்டாராம். அக்கா அன்று முதல் பிரஷ்ஷைத் தொடவில்லை. காப்பிக்கடை டின் சாக்கு வாசலில் அப்படியே கிடந்து எறும்பு மொய்த்தது.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை. அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் டைப் அடிக்க ஒருவர், எங்கள் பேச்சை இங்கிலீஷாக்க ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் மேடையில் பேசுகிற தமிழில்தான் பேசினார். இந்தப் பக்கம் நாங்கள் மூவர், என் கை கட்டோடு. ஓரத்தில் சாட்சியாக வரவழைக்கப்பட்ட சரஸ்வதி, முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு.

மேசை மேல் ஐந்தாம் நம்பர் தகரம் கிடந்தது.

"இச்சொல்லை எழுதியவர் எவர்?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"நாந்தாங்க" என்றார் பெர்னார்ட் அண்ணன். மனைவியை இதில் இழுக்கக் கூடாது என்று அவர் முடிவு செய்து வந்திருந்தார்.

அதிகாரி தகரத்தைப் பார்த்தார். பெர்னார்ட் அண்ணனைப் பார்த்தார். ஒரு காகிதத்தையும் பேனாவையும் தள்ளி, அதே சொல்லை எழுதச் சொன்னார். அண்ணன் எழுதினார். அதிகாரி அதை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இதனை என்னால் மொழிபெயர்க்க இயலாது" என்றார்.

அக்கா எழுந்துவிட்டார். "அவரு எழுதல. நான் எழுதினது. எல்லா தகரமும் நான் எழுதினதுதான். அன்னிக்குத் தனியாப் போயி பியூஸப் பிடுங்கினதும் நான்தான்."

அதோடு ஒரு குற்றம் உறுதியாகிவிட்டது. டைப் அடிப்பவர் வேகமாக அடித்தார். லைசென்ஸ் இல்லாதவர் தனியாகப் போர்டில் வேலை செய்திருக்கிறார். இனி லேபிள் ஏன் தப்பானது என்பது மட்டும்தான் பாக்கி. வீட்டுக்கார அம்மா தவறாகச் சொன்னாரா, அல்லது இவர் கேட்காமலே எழுதினாரா? சரஸ்வதியை முன்னால் அழைத்தார்கள்.

"அன்று மேல்மாடியில் நின்றிருந்தவர் நீர்தானே?"

தலையாட்டினாள்.

"ஐந்தாவது இணைப்பு துண்டிக்கப்பட்டபோது எவருடைய அறை இருளடைந்தது? பெயரை மட்டும் கூறுக."

சரஸ்வதி வாயைத் திறக்கவில்லை.

"எவருடைய அறை? பெயரை மட்டும்."

அவள் தலை இன்னும் குனிந்தது. முந்தானை நுனியை விரலில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினாள். மொழிபெயர்ப்பாளர் மூன்றாம் தடவையும் கேட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். டைப் அடிப்பவர் ஒரு வரி அடித்தார். பதில் இல்லை என்று அடித்தார்.

நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஐயா, அந்தம்மாவ விட்டுடுங்க" என்றார். "அவங்க சொல்லமாட்டாங்க. அது அவங்க வீட்டுக்காரரு ரூமு. புருசன் பேர அவங்க வாயால எப்படிச் சொல்லுவாங்க? பேரைத் தவிர வேற ஒண்ணும் சொல்லாதீங்கன்னு சட்டம் போட்டது நானு. எங்க ரூமுன்னு சொல்லக் கூடாது, அவரு ரூமுன்னு சொல்லக் கூடாது. அப்ப அவங்க என்னத்தச் சொல்லுவாங்க? சும்மா நின்னாங்க."

சரஸ்வதி அப்போதுதான் நிமிர்ந்தாள். "நான் கைய காட்டுனேன்கா" என்றாள் மெதுவாக. "மேலேர்ந்து ரூம காட்டினேன். நீங்க கீழ இருந்தீங்க."

மொழிபெயர்ப்பாளர் இதை இங்கிலீஷில் சொல்ல நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். அதிகாரி இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார். இப்படி ஒரு வழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியாதா என்பது கேள்வி.

"தெரியாம என்ன" என்றார் அக்கா. குரல் உடைந்தது. "எனக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருசம். எங்க வீட்டுக்காரர் பேர எழுதியிருக்கேன், ஒரு நாள் வாயால சொன்னதில்ல. அவங்க பேசாம நின்ன உடனே அது யாரு ரூமுன்னு ஊருல யாருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ங்கய்யா. என்னைத் தவிர யாரு மேலயும் தப்பு இல்ல. அவரு லைசென்ஸ மட்டும் விட்டுடுங்க."

பெர்னார்ட் அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் ஒரு மின்விசிறி இருந்தது.

அதிகாரி பெருமூச்சு விட்டு ஃபைலை மூடப் போனார். முகத்தைப் பார்த்தால் இரக்கம் இருந்தது, ஆனால் இரக்கத்துக்கு ஃபைலில் இடம் இல்லை. மூடுவதற்கு முன், சும்மா ஒரு முறைக்காக, என் பக்கம் திரும்பினார்.

"தொடும் முன் நீர் சோதித்துப் பார்த்தீரா?" என்றார் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரியில் நான் கொடுத்த வாக்குமூலம் அவர் கையில் இருந்தது. ஆம் என்று சொன்னால் போதும், அடுத்த நிமிஷம் வீட்டுக்குப் போகலாம்.

அந்தப் பெண்கள் இருவருக்கும் ஒரு பேர் வாயில் வராததற்குக் காரணம் இருந்தது. எனக்கு உண்மை வராததற்கு என்ன காரணம்? என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

"இல்லீங்க" என்றேன். "டெஸ்ட் பண்ணல. மெயினும் அணைக்கல. லாம்பு பையிலதான் இருந்துச்சு. அக்கா தகரத்துல காலின்னு இருந்தா அது காலிதான்னு நம்பிக் கைய விட்டேன்."

"முன்னர் கூறியது?"

"பொய்யிங்க."

டைப் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. லேபிள் தப்பாக இருந்தாலும், லைசென்ஸ் உள்ள வயர்மேன் சோதிக்காமல் தொட்டதுதான் காயத்துக்குக் காரணம் என்று எழுதினார்கள். பெர்னார்ட் அண்ணனுக்கு எச்சரிக்கை. இனி அவர் கூட இருக்கும்போது மட்டுமே அக்கா போர்டுப் பக்கம் போகலாம். எனக்கு ஆறு மாதம் லைசென்ஸ் கிடையாது. கை ஆறுவதற்கு எப்படியும் மூன்று மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

வெளியே படிக்கட்டில் அக்கா நின்றார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"மைலோவையும் குடிச்சிட்டு, பொய்யும் சொல்லியிருக்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வயது ஆள், நடுத்தெருவில், கட்டுப் போட்ட கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் நின்றேன். பெர்னார்ட் அண்ணன் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அதில் கிரீஸ் இருந்தது.

அந்தச் சனிக்கிழமையே அக்கா கெர்பாவ் ரோட்டுக்குப் போக வேண்டும் என்றார். மூவரும் போனோம். அண்ணன் சட்டப்படி பக்கத்தில் நின்றார். பியூஸைப் பிடுங்குவது அவர். எந்த நம்பர் என்று சொல்வது நான். கத்திச் சொல்கிற வழக்கத்தையே அக்கா எடுத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் அந்தச் செங்குத்தான மாடிப்படியில் தானே ஏறி, இருட்டான அறையைத் தன் கண்ணால் பார்த்து, இறங்கி வந்து எழுதிக்கொண்டார். ஏழு பியூஸ், ஏழு முறை. முழங்கால் வலித்ததை முகத்தில் காட்டினார், ஆனால் நிறுத்தவில்லை. அதன் பிறகு அறுபதுகளில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போன காலத்திலும் அவர் அப்படித்தான் செய்தார்.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து புதுத் தகரத்தோடு வந்தார். சரஸ்வதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அக்கா கையில் இருந்ததை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா எழுதியிருக்கு?"

"மருதப்பன்."

சரஸ்வதி தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு வாட்டி படிங்க" என்றாள்.

"மருதப்பன்" என்று அக்கா படித்தார், எழுத்துக்கு எழுத்து விரலை வைத்துக் காட்டி.

சரஸ்வதி அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போர்டில் இருந்த மற்ற ஆறு தகரங்களையும் பார்த்தாள்.

"மத்தவங்க பேரும் இதே அளவுதானா?"

"எல்லாம் ஒரே அளவுதாம்மா. அதுதான் வழக்கம்."

"இத மட்டும் கொஞ்சம் பெரிசா எழுதியிருக்கலாம்லா" என்றாள் சரஸ்வதி.

ஆறு வருஷத்தில் அக்கா யாருக்காகவும் ஒரு எழுத்தைக்கூடப் பெரிதாக்கியதில்லை. நான் சிரிக்கத் தயாராக நின்றேன். அவர் தகரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை இன்னொன்றோடு வந்தார். அது மற்றவற்றைவிட அரை அங்குலம் அகலம். பெர்னார்ட் அண்ணன் அதை ஐந்தாம் நம்பருக்கு மேல் வைத்து முடுக்கினார். சரஸ்வதி பக்கத்திலேயே நின்று, அது கோணாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னாள்.